ஐந்தாவது கையின் பூட்டு

'விமானியின் தவறு' என்று எழுதி அறிக்கையை முடிப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. செத்துப்போன விமானி எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. பிழைத்துக்கொண்டவன் மறுத்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறான் என்பார்கள். எப்படியானாலும் கோப்பு மூடிவிடும், எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு போகலாம். இருபத்தாறு வருடம் விமானப் பாதுகாப்பு வேலையில் குப்பை கொட்டிய இருதயராஜுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த வசதியை அவரும் அனுபவித்திருக்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் பேசாமல் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் இருந்திருக்கலாம். மனைவி லீலாவும் அதைத்தான் சொன்னாள். ஆனால் தனியாள் பறக்கிற வண்டி செய்யும் ஒரு புதுக் கம்பெனி, பாதுகாப்பு அதிகாரியாக ஒப்பந்தத்தில் கூப்பிட்டது. வண்டியில் ஒரே இருக்கை. சுற்றிலும் எட்டுக் கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு விசிறி, எல்லாம் பேட்டரியில் ஓடும். கைகளை மடக்கினால் ஒரு லாரிக்குள் அடங்கிவிடும். விரித்தால் ஒவ்வொரு கையின் மூட்டிலும் இருக்கிற பூட்டை அழுத்திவிட வேண்டும். இன்னும் ஐந்தாறு வருடத்தில் ஜனங்கள் டாக்சி பிடிக்கிற மாதிரி இதைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போவார்கள் என்று கம்பெனி சொன்னது. இருதயராஜ் நம்பவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதைவிட நம்பாமல் வேலை பார்ப்பது மேல் என்று போய்விட்டார்.

பிப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துவாஸ் பக்கம் கடலை ஒட்டி வேலி போட்ட சோதனைத் திடலில், வண்டி கிளம்பிய நாற்பதாவது வினாடியில் நடுங்க ஆரம்பித்தது. நடுங்கினால் விமானி கையை எடுத்துவிட வேண்டும், கணினி தானாக இறக்கிவிடும் என்பது விதி. அன்று ஓட்டிய சோதனை விமானி யும்னா கையை எடுக்கவில்லை. கணினியிடமிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கித் தானே இறக்கினாள். இறக்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கடைசி நான்கு மீட்டரை வண்டி தொப்பென்று விழுந்து கடந்தது. யும்னாவின் வலது கணுக்கால் முறிந்தது. வண்டியின் மூன்று கைகள் ஒடிந்தன.

திட்டத்தின் தலைவர் வெங்கட் கெட்டவர் அல்ல. கிளமெண்டியில் வீடு, இரண்டு பிள்ளைகள், எப்போதும் தூக்கம் போதாத கண்கள். விபத்து நடந்து மூன்றாம் நாள், தன் கையாலேயே கோப்பி வாங்கிவந்து இருதயராஜின் மேஜையில் வைத்தார். கணினியிடம் விட்டிருந்தால் பத்திரமாக இறங்கியிருக்கும் என்று சிமுலேட்டர் சொல்கிறது என்றார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும் என்றார். இன்ன மாதிரி எழுதுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சிமுலேட்டர் ஏற்கெனவே பாதி அறிக்கையை எழுதிவிட்டது.

மீதிப் பாதியை எழுதினால் யும்னாவின் கதை முடிந்தது. சோதனை விமானி என்கிற அனுமதி ரத்தாகும். விதியை மீறி வண்டியை உடைத்தவள் என்ற பேரோடு இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்க முடியாது. பயணிகள் விமானத்தில் துணை விமானியாக இருந்தவள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு இந்த வேலைக்கு வந்திருந்தாள். முப்பத்திரண்டு வயது. பறப்பதைத் தவிர வேறு எதையும் அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டதில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இருதயராஜ் அவளை வீட்டில் போய்ப் பார்த்தார். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள். புறப்படும் முன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாயா என்று கேட்டார். எட்டுப் பூட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்றாள். அப்புறம் ஏன் கணினியை நம்பவில்லை என்று கேட்டபோதுதான் அவள் முகம் மாறியது.

"அது காத்து இல்ல அங்கிள். ஏதோ ஒண்ணு லூசாகி ஆடுற மாதிரி இருந்துச்சு. கம்ப்யூட்டர் அதைக் காத்துன்னு நினைச்சுக்கிட்டு, இன்னும் வேகமா ஒரு பக்கமாத் தள்ளுது. நான் கையை எடுத்திருந்தா கவுந்திருக்கும் லா. இதை யார்கிட்ட சொன்னாலும் எக்ஸ்கியூஸ் மாதிரிதான் இருக்கும். எனக்கே அப்படித்தான் கேக்குது."

அவளை நம்ப அவருக்கு ஆசையாக இருந்தது. ஆனால் ஆசையை அறிக்கையில் எழுத முடியாது. ஆபீசுக்குத் திரும்பித் திடலின் கேமரா படத்தை ஓட்டிப் பார்த்தார். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் இந்த வேலை. கண் எரிந்தது, முதுகு வலித்தது. அறுபது வயதில் ஒரு மனிதன் செய்யக் கூடாத வேலை என்று நினைத்துக்கொண்டே பதினேழாவது தடவை ஓட்டியபோது ஓரத்தில் ஓர் ஆள் ஓடுவதைக் கவனித்தார்.

அந்த ஆள் தரைப்பணி பார்க்கும் அழகேசன். வண்டிக்குப் பின்பக்கம் துணியோடு நிற்கிறான். யும்னா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியின் முன்பக்கத்தை நோக்கி நடக்கிறாள். திடீரென்று அவன் துணியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். அவளை நோக்கி நேராக ஓடவில்லை. திடலைப் பெரிய அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு, அவளுக்கு எதிர்ப்பக்கம் போய்ச் சேரப் பார்க்கிற மாதிரி ஓடுகிறான். அதற்குள் அவள் ஏறி மூடியைச் சாத்திவிடுகிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. விளக்கு எரிந்துவிட்டால் வண்டியைச் சுற்றிப் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. விசிறிகள் சுற்ற ஆரம்பிக்க, அழகேசன் கோட்டருகே வந்து நின்றுவிடுகிறான். மொத்தம் பதினொரு வினாடி. நேராக ஓடியிருந்தால் நாலு வினாடியில் அவளைத் தொட்டிருக்கலாம். ஏன் சுற்றினான் என்பது இருதயராஜுக்கு விளங்கவில்லை.

ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரித்தால் அவன் வாயைத் திறக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைவீதிக்கு வரச் சொன்னார். சிராங்கூன் ரோட்டில் ஞாயிறு சாயங்காலக் கூட்டம், தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனது. பக்கத்துச் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். அழகேசன் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது. கப்பல் பட்டறையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, பரீட்சை எழுதி, இந்த வேலைக்கு வந்தவன். தேத்தண்ணீர் வந்தது. அவன் அதைத் தொடவில்லை. படத்தில் நீங்கள் ஓடுவதைப் பார்த்தேன் என்று இருதயராஜ் சொன்னதும், இத்தனை நாள் எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தவன் போலச் சொல்ல ஆரம்பித்தான்.

யும்னா பூட்டுகளைப் பார்த்து முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான், விசிறிகளைத் தூரத்திலிருந்து ஒரு தடவை ஓட்டிச் சோதிப்பார்கள். கம்பெனி வகுத்த வரிசை அது. அன்றைக்கும் அப்படித்தான். சோதனை முடிந்து விசிறிகள் நின்றதும், அழகேசன் மழைத் தண்ணீரைத் துடைக்கப் போனான். ஐந்தாவது கையின் பூட்டு ஒரு விரல் அளவுக்கு மேலே எழும்பி நின்றது. சோதனையில் ஏற்பட்ட அதிர்வில் தானாகக் கழன்றிருக்க வேண்டும். அந்த நேரத்தில் யும்னா, "போயிட்டு வரேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பத்தடி தூரம் போய்விட்டாள்.

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே, அழகேசன்."

அவன் மேஜையைப் பார்த்தபடி இருந்தான். "கிளம்புறவங்கள எப்படி சார் பின்னாலேருந்து கூப்பிடுறது? அதுவும் பறக்கப் போற புள்ளய. எதுக்க போய் நின்னு சொல்லிரலாம்னுதான் சுத்தி ஓடுனேன்."

இருதயராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே எல்லாரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியவர் அவர். யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், 'நிறுத்து' என்று கத்தலாம், துடைப்பம் பிடிக்கிறவர்கூடக் கத்தலாம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தொண்டை கட்டும் வரை சொல்லியிருந்தார். அழகேசன் அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவன். இந்தக் காலத்தில், இந்த ஊரில், இப்படி ஒரு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சகுனம் பார்ப்பார்களா என்று குரலை உயர்த்திக் கேட்டுவிட்டார். பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கதான சார் அன்னிக்குச் சொன்னீங்க," என்றான் அழகேசன்.

அவன் குற்றம் சாட்டவில்லை, ஞாபகப்படுத்தினான். அந்தப் பாடம் நடத்திய அன்றைக்கே, இருதயராஜ் கண்ணாடியை மேஜையில் மறந்து வைத்துவிட்டு வேனில் ஏறப் போனார். அழகேசன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, சார் சார் என்று பின்னாலேயே ஓடிவந்தான். அவர் நின்று உச்சுக் கொட்டினார். கிளம்புகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள் என்று கடிந்துகொண்டார். அத்தோடு விடவில்லை. கொட்டகைக்குள் திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கிளம்பினார். கொட்டகையில் இருந்த ஏழெட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள்.

இருதயராஜுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. செய்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் செய்திருப்பார். பிறந்ததிலிருந்து செய்கிற காரியம் அது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், ஜோசியம் பார்க்காதவர், நல்ல நேரம் கேட்காதவர்; ஆனாலும் வாசலைத் தாண்டியபின் யாராவது கூப்பிட்டால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று முகம் சுளிக்கும். மதம் எதுவானாலும் நம் ஆட்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறிப்போனது. ஒரு மணி நேரம் பேசிய பேச்சை ஒரு வாய் தண்ணீரில் கழுவி ஊற்றியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"என்னய ஊருக்கு அனுப்பிருவாங்களா சார்?" என்று அழகேசன் கேட்டான். அனுப்ப மாட்டார்கள் என்று இருதயராஜ் சொன்னார். எந்த தைரியத்தில் சொன்னோம் என்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் யோசித்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தயாரானது. பூட்டு சரியாக விழாமல் இருந்ததைத் தரைப்பணியாளர் பார்த்தும் எச்சரிக்கவில்லை. எச்சரிக்காததற்குக் காரணம், கிளம்புகிறவரைக் கூப்பிடக் கூடாது என்று பாதுகாப்பு அதிகாரியே முன்பு கண்டித்ததுதான். எனவே மூல காரணம் பாதுகாப்பு அதிகாரி அளித்த தவறான பயிற்சி. கீழே இருதயராஜ் கையெழுத்து. யும்னா கட்டுப்பாட்டை மாற்றியதைப் பற்றி, சூழ்நிலையை வைத்துப் பார்த்தால் ஏற்கத்தக்கது என்று ஒரே வரி. சோதனை ஓட்டத்தின் அதிர்வில் பூட்டு தானாக எழும்பியிருக்கலாம், ஆராய வேண்டும் என்பது ஒன்பதாவது பத்தியில், பத்தோடு பதினொன்றாக. வண்டி விழுந்ததில் பூட்டு நொறுங்கிவிட்டது, அழகேசனின் கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. நிரூபிக்க முடியாததைப் பெரிதாக எழுதினால் கம்பெனி அவனைத்தான் குடையும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

உண்மையைச் சொன்னால், எழுதி முடித்தபோது அவருக்கு மனசு இலேசாக இருந்தது. பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வதில் ஒரு கிறக்கம் இருக்கிறது. இத்தனை வருடம் அடுத்தவன் பெயரை எழுதிய இடத்தில் தன் பெயரை எழுதியாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தார். நடந்ததை லீலாவிடம் சொன்னார். இனிமேலாவது சாப்பிடும்போது போன் அடிக்காது என்று அவள் சொன்னாள்.

வெங்கட் அறிக்கையைப் படித்தபோது அவர் முகம் தெளிந்ததை இருதயராஜ் பார்த்தார். ராஜ் சாருக்குப் பெரிய மனசு என்று கூட்டத்தில் சொன்னார்கள். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. இருதயராஜின் ஒப்பந்தம் ரத்து. பயிற்சிக்கு வேறு ஆள். யும்னா மீது நடவடிக்கை இல்லை. அழகேசனையும் அனுப்பவில்லை, சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். இவ்வளவு சுளுவாக முடிகிறதே என்று அவருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருபத்தாறு வருட அனுபவம் அந்த இடத்தில் அசந்து தூங்கிவிட்டது.

ஒன்பது வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை யும்னா போன் செய்தாள். கால் சரியாகிவிட்டது, டாக்டர் ஒப்புக்கொண்டார், வியாழக்கிழமை மறுபடி ஏறுகிறேன் என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். அவரால்தான் தன் வேலை நிலைத்தது என்று நன்றி சொன்னாள். நேரில் வந்து பார்க்காததற்கு மன்னிப்புக் கேட்டாள். இருதயராஜும் சந்தோஷப்பட்டார். பேச்சோடு பேச்சாகத்தான் அதைக் கேட்டார்.

"பூட்டை மாத்திட்டாங்கல்லம்மா?"

"எந்தப் பூட்டு அங்கிள்?"

அறிக்கையை நீ படிக்கவில்லையா என்று கேட்டார். கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பயிற்சியில் கோளாறு என்பதுதான். புது வண்டியிலும் அதே பூட்டுதான், முதலில் பூட்டைப் பார்த்துவிட்டுப் பிறகு விசிறியை ஓட்டும் அதே வரிசைதான். ஐந்தாவது கைப் பக்கம் இப்போது யார் நிற்கிறார் என்று கேட்டார். போன வாரம் சேர்ந்த ஒருவர், பெயர் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றாள்.

இருதயராஜ் சோபாவில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் எழுதிய முப்பது அறிக்கைகளில் எதைச் செய்தாரோ, அதையே இந்த முறையும் செய்திருக்கிறார். ஒரு மனிதன் பெயரைக் காரணம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த மனிதனை வெளியே அனுப்பிவிட்டு நிம்மதியாக வேலையைத் தொடர்ந்தார்கள். அந்தப் பெயர் அவருடையதாக இருந்ததால் அது நியாயம் என்று ஏமாந்துவிட்டார். பூட்டைக் கண்ணால் பார்த்த ஒரே ஆளையும் கிடங்குக்கு அனுப்பிவைத்தது அவருடைய பெரிய மனசுதான். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அழகேசன் பார்த்ததை, சுற்றி ஓடியதை, ஒன்பதாவது பத்தியை. பிறகு, தன் அறிக்கையைத் திரும்பப் பெறப் போவதாகச் சொன்னார். கம்பெனியோடு விட முடியாது, விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கும் எழுதியாக வேண்டும்.

"ஆனா ஒண்ணும்மா. அப்படி எழுதினா எல்லாத்தையும் முதல்லேருந்து தோண்டுவாங்க. நீ கன்ட்ரோலைக் கையில எடுத்ததையும் சேர்த்துத்தான். நான் அதை ஒரே வரியில மூடி வெச்சிருந்தேன். இனிமே மூட முடியாது."

"என் பேரு திரும்ப வருமா?"

"வரும். நீ செஞ்சது சரின்னுதான் நான் எழுதுவேன். அவங்க அதை ஒத்துக்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே எங்கேயோ நின்று பேசுகிறாள் போல, பஸ் கதவு திறந்து மூடும் ஓசை மட்டும் கேட்டது. வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். ஒன்பது வாரம் அந்த நாளுக்காகத்தான் அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு நடை பழகியிருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று இருதயராஜ் நினைத்தார். சொல்லத் தகுதி இல்லை என்றும் தோன்றியது.

"எனக்கு அடுத்து நிதீஷ்னு ஒரு புது பைலட் ஏறப் போறான் அங்கிள்," என்றாள் கடைசியில். "நடுங்கினா கையை எடுத்துடணும்னு சொல்லித்தான் அவனுக்கு டிரெய்னிங். எடுத்துடுவான். ரூல்ஸ்படிதான் நடப்பான்." பிறகு, "நீங்க எழுதி அனுப்புங்க," என்றாள்.

அழகேசனிடமும் கேட்க வேண்டியிருந்தது. ஆணையத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும், வேலைக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இந்தத் தடவை ஒளிக்காமல் சொன்னார். அவன் எப்போ வரணும் சார் என்று மட்டும் கேட்டான்.

அன்று மதியமே கடிதத்தை எழுதி முடித்தார். காரணம் என்ற இடத்தில் ஐந்தாவது கையின் பூட்டு, அதன் பாக எண், சோதனையின் வரிசை. யாருடைய பெயரும் அந்த இடத்தில் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லும் பகுதியில், விதிக்கு மாறாக விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார் என்ற வாக்கியத்தை எழுதத்தான் வேண்டியிருந்தது. அதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு அனுப்பினார்.

வியாழக்கிழமை அந்த வண்டி கிளம்பவில்லை. ஆறு மாதம் கழித்துப் பூட்டை மாற்றி, சோதனையின் வரிசையையும் மாற்றி, நிதீஷ் அதை ஓட்டினான். யும்னாவின் பெயர் இன்னும் விசாரணையில் இருந்தது. அவள் அவ்வப்போது போன் செய்து ஏதாவது தெரிந்ததா என்று கேட்பாள். இல்லையம்மா என்பார் இருதயராஜ்.